ராத்திரியில் நாயை வாக்கிங் கூட்டிப் போக: முதலில் தெருவைப் பாருங்கள்

சென்னையில் இருந்த ஒரு பெண், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார். கூடவே 3 வயதுக் கறுப்பு லாப்ரடார். வேலை முடிய இரவு 9 மணி ஆகிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் நாயை வெளியே கூட்டிப் போக முடிகிறது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சில இடங்களில் விளக்கு எரிவதில்லை, தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன, பாம்புப் பயம் வேறு. "இந்த நேரத்தில் போவது சரியா? டார்ச், கம்பு, பெப்பர் ஸ்ப்ரே இதில் எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

போகலாம். நான் காரைக்குடி வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். என்னைக் கேட்டால், பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் நம் பக்கத்தில் லாப்ரடார் மாதிரி நாயை நடத்த இருட்டிய பிறகுதான் சரியான நேரம் என்பேன். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கிற நாளில் மாலை 5 மணிக்கு அதை இழுத்துக்கொண்டு போவது இருட்டைவிட ஆபத்து. தார் ரோடு பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து 5 எண்ணும் வரை எடுக்காமல் இருக்க முடிந்தால் நாயின் பாதமும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது போகிற வழியைப் பற்றித்தான்.

எதை வாங்கலாம் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காலை நேரத்தில், நாய் இல்லாமல், இரவில் போக நினைக்கிற வழி முழுவதையும் நடந்து பாருங்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எங்கே சுவர் சரிந்து கல் குவிந்திருக்கிறது, எந்தச் சாக்கடைக்கு மூடி இல்லை, எந்தத் திண்ணையடியில் நாய்கள் படுக்கின்றன என்று ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் அடிபட்டோ கடிபட்டோ என்னிடம் வருகிற நாய்களைப் பார்க்கும்போது, அந்த இடத்தைப் பகலில் ஒருமுறை நின்று பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று தோன்றுகிற சம்பவங்கள்தான் அதிகம்.

நம் ஊர்த் தெருக்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அதே வீட்டின் பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும். அதனால் ஒரு பக்கம் முகப்புத் தெரு, மறுபக்கம் பின்வாசல் தெரு என்று அமைந்துவிடுகிறது. முகப்புத் தெருவில் திண்ணை இருக்கும், வாசலில் ஒரு பல்பாவது எரியும், காவலுக்கு இருப்பவர் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பின்வாசல் தெருவிலோ நீளத்துக்கும் சுவர்தான். எதிரில் ஏதாவது வந்தால் ஒதுங்க இடமில்லை, கூப்பிட்டாலும் மூன்று கட்டு தாண்டி உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்காது. போதாததற்கு, அங்கேதான் குப்பை, இடிந்த ஓடு, முளைத்த செடி எல்லாம். இரவில் பின்வாசல் தெருவுக்குள் போகவே போகாதீர்கள். சுற்று வழி ஆனாலும் முகப்புத் தெருக்களைச் சேர்த்து ஒரு வழியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் மூன்று தடவை போய்த் திரும்பினாலும் நாய்க்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு வேண்டியது மோந்து பார்க்க நேரம்தான், புது ஊர் பார்ப்பது அல்ல.

ஊருணிக்கரையையும் இரவில் விட்டுவிடுங்கள். குளிர்ந்த காற்று வரும், நடக்கச் சுகமாக இருக்கும், தெரியும். ஆனால் படித்துறைக் கல்லில் பாசி பிடித்திருக்கும். லாப்ரடாருக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. 30 கிலோ நாய் ஒரே இழுப்பாக இழுத்தால் இருட்டில் நீங்களும் சேர்ந்துதான் விழுவீர்கள். தேங்கின தண்ணீரைக் குடிப்பதில் எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ் ஆபத்தும் இருக்கிறது. அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். உங்கள் நாய்க்குப் போட்ட கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இனி பாம்பு. உங்கள் பயத்தில் நியாயம் அதிகம் உள்ளது இதில்தான்.

நம்முடையது செம்மண்ணும் செம்புராங்கல்லும் சீமைக்கருவேலமுமான வறண்ட பூமி. ஆளைக் கொல்லும் அளவுக்கு விஷமுள்ளவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிற நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இங்கே உண்டு. இவற்றில் நாய்க்கு எமனாக வருவது பெரும்பாலும் கண்ணாடி விரியன். சருகிலும் புல் ஓரத்திலும் அசையாமல் கிடக்கும். ஆள் வருகிறார் என்று விலகிப் போகிற பழக்கம் அதற்குக் குறைவு. காலைத் தட்டி நடந்தால் பாம்பு ஓடிவிடும் என்பார்கள். நல்ல பாம்பும் சாரையும் நில அதிர்வை உணர்ந்து ஒதுங்கலாம், கண்ணாடி விரியனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நெருங்கினால் குக்கர் மாதிரி சீறும். நமக்கு அது எச்சரிக்கை. நாய்க்கோ "என்னவென்று போய்ப் பார்" என்று கூப்பிடுகிற சத்தம். மூக்கை நீட்டும், மூக்கிலேயே வாங்கிக்கொள்ளும். என்னிடம் வருகிற விரியன் கடிகள் அநேகமாக மூக்கிலோ உதட்டிலோ முன்னங்காலிலோதான் இருக்கும்.

சுருட்டை விரியன் சின்னது. கல் இடுக்கிலும் இடிந்த சுவர் ஓரத்திலும் இருக்கும். கட்டுவிரியன் முழுக்க இரவில் நடமாடுவது. அதன் கடி வலிக்காது, வீங்காது, அதுதான் மோசம். வீட்டுக்கு வந்த நாய் சும்மாதான் படுத்திருக்கும். சில மணி நேரம் கழித்துப் பின்னங்கால் தள்ளாடும், இமை சரியும், அப்புறம் மூச்சு வாங்க முடியாமல் போகும். இரவு நடைக்குப் பிறகு நாயின் நடையில் சின்ன வித்தியாசம் தெரிந்தாலும் "அசதி" என்று விட்டுவிடாதீர்கள்.

டார்ச் பிடிக்கிற விதத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. பலரும் நெற்றி விளக்கு வாங்குகிறார்கள். கை இரண்டும் ஓய்வாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளிச்சம் கண் இருக்கிற உயரத்திலிருந்தே போவதால் தரையில் கிடக்கிற பொருளின் நிழல் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். எல்லாம் தட்டையாகத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே, தொடை உயரத்தில், முன்னால் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு சுள்ளிகூட நீள நிழலோடு எழுந்து நிற்கும். சருகு நிறத்தில் கிடக்கிற விரியனை அந்த நிழல்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் காலுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால், அதாவது நாயின் மூக்குக்கு முன்னால், வெளிச்சம் விழ வேண்டும். செல்போன் வெளிச்சம் அந்தத் தூரத்துக்குப் போதாது, தவிர அவசரத்தில் பேசுவதற்கு அந்த போன் வேண்டும்.

கயிறு நீளமாக இருந்தால் இந்த வெளிச்சத்தால் பயனே இல்லை. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகிற சுருள் பெல்ட் விற்கிறார்கள், அதைப் பகலில் திடலில் வைத்துக்கொள்ளலாம். இரவுக்கு 4 அடிக்குள்ளான சாதாரணக் கயிறுதான் நல்லது. நாய் எப்போதும் உங்கள் வெளிச்சத்துக்குள் இருக்கும். புல், சருகு, கல் குவியல், விறகு அடுக்கு இவற்றில் மூக்கை நுழைக்க இரவில் அனுமதி இல்லை என்று ஒரே கட்டுப்பாடாக வைத்துவிடுங்கள். "விடு" என்றால் விட வேண்டும்; இந்த ஒரு சொல்லை வீட்டுக்குள்ளேயே தின்பண்டம் வைத்துப் பழக்கினால் ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொள்ளும். லாப்ரடாருக்குச் சாப்பாட்டு ஆசை அதிகம் என்பது இந்த இடத்தில் நமக்கு வசதி.

கடித்துவிட்டால், நாயை நடக்கவிடாதீர்கள். தூக்குங்கள், முடியாவிட்டால் போர்வையில் போட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள். கழுத்துப் பட்டையை உடனே கழற்றுங்கள், முகமும் கழுத்தும் வீங்கும்போது அது மூச்சை இறுக்கும். கீறிவிடுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதும் இல்லை. நாங்கள் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைக்கிறோம். பிறகு மெல்லச் சாய்த்தால், நல்ல ரத்தம் உறைந்து குழாயோடு ஒட்டி நிற்கும். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். மனிதர்களுக்கு அரசு மருத்துவமனையில் செய்வதும் இதே சோதனைதான்.

மருந்தும் ஒன்றுதான். நாய்க்கென்று தனியாக விஷமுறிவு மருந்து நம் நாட்டில் கிடையாது, மனிதர்களுக்குப் போடுவதையே போடுகிறோம். அந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் வைத்துச் செய்வது அது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நாய் சின்னதாக இருந்தால் மருந்து குறைவாகப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு சின்னது என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்து ஏற்றுவதில்லை. முறிக்க வேண்டியது விஷத்தின் அளவைத்தான். அதனால் செலவு கூடும், மருந்து எல்லா இடத்திலும் இருப்பும் இருக்காது. அரசு கால்நடை மருந்தகங்கள் இரவில் திறந்திருப்பதில்லை. 1962 எண்ணில் கால்நடை ஊர்தி இருக்கிறது என்றாலும் ராத்திரி 9 மணிக்கு அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஆகவே இந்த வாரத்திலேயே காரைக்குடியிலும் புதுக்கோட்டையிலும் உள்ள கால்நடை மருத்துவர்களுக்குப் போன் செய்து "இரவில் எடுப்பீர்களா, பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிறீர்களா" என்று இரண்டே கேள்வி கேட்டு, ஆம் என்றவர்களின் எண்ணை அப்பத்தாவின் போனிலும் சேர்த்து வையுங்கள். நள்ளிரவில் வரக்கூடிய ஒரு கார்காரர் எண்ணும் வேண்டும். கடிபட்டது நீங்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

தெருநாய்களுக்கு வருவோம். இவை கண்டபடி அலைகிற கூட்டம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் 2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. காதில் சின்ன வெட்டு இருக்கிற நாய் அப்படி அறுவை செய்யப்பட்டது. ஒரே நாய்கள் ஒரே இடத்தில் இருப்பது உங்களுக்கு ஒரு விதத்தில் நல்லது, பழக்கப்படுத்திக்கொள்ளலாம். உங்கள் நாய் இல்லாமல் பகலில் போய் அவற்றுக்கு இரண்டு பிஸ்கட் போடுங்கள். உங்கள் வாசனையும் குரலும் தெரிந்த பிறகு இரவில் அவை குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும். நடக்கும்போது மட்டும் தீனி போடாதீர்கள், சோற்றுக்கு முன்னால் எந்த நாயும் இன்னொரு நாயைப் பொறுத்துக்கொள்ளாது.

நம் ஊரில் கல்யாண வீடு இருந்தால் கணக்கே மாறிவிடும். பெரிய வீட்டைக் கல்யாணத்துக்குத் திறந்து, இரண்டு மூன்று நாள் பந்தி நடக்கும். எச்சில் இலை எல்லாம் பின்வாசல் பக்கம் குவியும். சுற்றுவட்டத்து நாய்கள் அத்தனையும் அங்கே வந்துவிடும், அவற்றுக்குள்ளேயே சண்டையாக இருக்கும். பந்தி முடிந்த பிறகும் இரண்டு நாளைக்கு அந்தக் கூட்டம் கலையாது. முகூர்த்த நாட்களில் அந்தத் தெருவை விட்டு வேறு வழி போங்கள். கல்யாணம் எங்கே என்பதை அப்பத்தாவைக் கேட்டால் தெரியும், பத்திரிகை வந்திருக்கும். மழைக்காலத்தை ஒட்டி நாய்கள் இணை சேரும். அப்போது ஆண் நாய்கள் கூட்டமாகத் திரியும், அதற்கடுத்த இரண்டு மாதத்தில் குட்டி போட்ட தாய் நாய் திண்ணைக்கு அடியிலோ பூட்டிய வீட்டுப் படியோரத்திலோ கிடக்கும். குட்டியோடு இருக்கிற தாய் எச்சரிக்கை கொடுக்காமலே பாயும். அந்த வீட்டை எதிர்ப்பக்கமாகக் கடந்து போவதுதான் மரியாதை.

தெரு திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் ஒரு நொடி நின்று டார்ச்சைத் தூக்கித் தெரு நீளத்துக்கும் ஒருமுறை அடியுங்கள். நாயின் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் அதற்கு நம்மைவிட நன்றாகக் கண் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிச்சம் பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். எத்தனை ஜோடி, எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மூன்று நான்கு ஜோடி எழுந்து நின்றால் திரும்பிவிடுங்கள். பாம்பின் கண் இப்படி மின்னாது என்பதால் முனை தாண்டியதும் டார்ச்சைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும்.

நெருங்கிவிட்டால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். நாயை உங்களுக்குப் பின்னால், சுவர்ப் பக்கமாகக் கொண்டுவந்து நில்லுங்கள். கம்பைத் தரையில் தட்டுங்கள். அடிக்க வேண்டாம், அடித்தால் ஒன்று விலகும், இன்னொன்று பின்னால் வரும். கல்லெடுக்கக் குனிவதுபோல் குனிந்தாலே நம் ஊர் நாய் நாலடி பின்வாங்கும். பிறகு முகத்தை அவற்றின் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து போய்விடலாம். உங்கள் நாய் கட்டுப்பாட்டை மீறிச் சண்டையில் இறங்கிவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். கடிபடுகிறவர்களில் பலர் தங்கள் சொந்த நாயிடமே கடிபடுகிறார்கள், அதற்கு அந்த நேரத்தில் கை யாருடையது என்று தெரியாது.

கடியோ, நகக்கீறலோ, ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். பலர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். பிறகு அரசு மருத்துவமனை, அங்கே ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வருகிற ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற இன்னொரு மருந்தும் கட்டாயம், அதைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அறிகுறிக்கு முன்னால் ஒழுங்காக ஊசி போட்டவர் பிழைத்துக்கொள்வார். உங்கள் நாயைத் தெருநாய் கடித்தால், அதற்கு வருடா வருடம் ஊசி போட்டிருந்தாலும் காயத்தைக் கையுறை போட்டுக் கழுவி, மறுநாளே மருத்துவரிடம் காட்டி மறுபடி போட வேண்டும்.

வண்டிகளைப் பற்றி. கறுப்பு நாய் இரவில் தெரியவே தெரியாது. பைக்கில் வருகிறவருக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களிடமிருந்து போகிற கயிறும் அதன் முனையில் இருக்கிற நாயும் தெரியாது. உங்களுக்கும் நாய்க்கும் நடுவிலேயே வண்டியை விட்டுவிடுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. பார்த்து, பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். தை மாதம் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களின் பையில் போலீஸ்காரர்கள் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அதே மாதிரிப் பட்டை நாயின் கழுத்தைச் சுற்றியும், கயிற்றின் நீளத்துக்கும், உங்கள் மேலும் இருக்க வேண்டும். நாயைச் சுவர்ப் பக்கம் விட்டு, நீங்கள் ரோட்டுப் பக்கம் நடங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, வண்டி எதிரே வருகிற மாதிரி நடக்க வேண்டும். திருச்சி ரோட்டுப் பக்கம் இரவில் போகவே வேண்டாம். அங்கே ரோட்டின் மேல் நடந்தால் வண்டி, இறங்கி நடந்தால் புல்லும் பாம்பும். இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான ஓர் அடி அகலம்கூட இல்லை.

இன்னொன்று, வேட்டு. திருவிழாவோ கல்யாண ஊர்வலமோ, எதிர்பாராமல் ஒரு வெடி வெடித்தால் எவ்வளவு சாதுவான நாயும் பின்னால் உருவிக்கொண்டு ஓடும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். அதைவிட, நெஞ்சைச் சுற்றி வருகிற ஹார்னஸில் கயிற்றைக் கோத்துக் கழுத்துப் பட்டையையும் சேர்த்து இணைத்துவிட்டால் ஒன்று நழுவினாலும் மற்றது பிடிக்கும். பட்டையில் உங்கள் போன் எண் பொறித்த தகடு கட்டாயம். புது ஊரில் ஓடிப்போன நாய்க்குத் திரும்பிவர வழி தெரியாது.

மழை பெய்த இரவில் இரும்பு விளக்குக் கம்பம், கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பி, டிரான்ஸ்பார்மர் வேலி இவற்றின் பக்கம் நாயை விடாதீர்கள். ஆண் நாய் என்றால் கம்பத்தைத்தான் தேடிப் போய்க் காலைத் தூக்கும். செருப்பில்லாத ஈரக்கால், நனைந்த உடம்பு. கசிவு மின்சாரம் நமக்குச் சுரீர் என்றதோடு போய்விடலாம், அதற்குப் போகாது. கம்பத்தைக் கடக்கும்போது நாய் திடீரென்று கத்தித் துள்ளினால் தொட்டுத் தூக்க ஓடாதீர்கள். காய்ந்த கயிற்றால் இழுத்துவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். எரியாத தெருவிளக்கு மின்வாரியத்தின் வேலை இல்லை, பேரூராட்சி அலுவலகத்தில் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். நம்பர் இல்லாமல் "எங்கள் தெரு" என்று சொன்னால் அந்த மனு நகராது.

மனிதர்களால் வரும் ஆபத்து என்று பார்த்தால், உங்களைவிட வீட்டையும் அப்பத்தாவையும்தான் அதிகம் நினைக்கிறேன். தினமும் 9 மணிக்கு நீங்கள் நாயோடு முன்வாசலில் கிளம்புகிறீர்கள் என்றால், அரைமணி நேரம் அந்த வீட்டில் நாயும் இல்லை, இளவயது ஆளும் இல்லை என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். அப்பத்தா உள்கட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், பின்வாசல் இன்னொரு தெருவில் இருக்கும். கிளம்பும்போது முதலில் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு வந்து, பின்பக்க விளக்கைப் போட்டுவிட்டு, அப்புறம் முன்கதவைப் பூட்டுங்கள். நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றுங்கள். நீங்கள் எந்தத் தெருவில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வருவீர்கள் என்று அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம். பைக் சத்தம், சீறல், பின்னால் வருகிற காலடி மூன்றும் காதுக்குத்தான் முதலில் வரும். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் ஏற்றி வையுங்கள். 112 எண்ணும், பெண்களுக்கான 181 எண்ணும் எந்நேரமும் வேலை செய்பவை. இதையெல்லாம்விட, திண்ணையில் உட்கார்கிற ஆச்சிமார், காவலுக்கு இருக்கிறவர், முக்கு டீக்கடைக்காரர் இவர்களோடு நின்று இரண்டு வார்த்தை பேசிப் பழகிவிடுங்கள். "என்ன, இன்னைக்கு நாய்க்கார ஆச்சியைக் காணோமே" என்று கேட்க நாலு பேர் இருக்கிற வழியில் நடப்பது பெரிய பலம்.

திரும்பி வந்ததும் நாயின் நான்கு பாதத்தையும் விரல் இடுக்கு விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். சீமைக்கருவேல முள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிடும். அன்றைக்கு எடுத்தால் ஊசியும் எண்ணெயும் போதும், விட்டால் சீழ் பிடித்து எங்களிடம் வரும். காதுக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மழை நாளில் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் பயப்படாமல் ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் பலமுறை துடைத்துவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் தள்ளாட்டமோ நடுக்கமோ இருந்தால் உடனே கிளம்ப வேண்டும். குப்பையில் எதையாவது தின்றுவிட்டு நடுங்கினால் எலி மருந்தோ பூச்சி மருந்தோ இருக்கலாம், அதற்கும் அதே அவசரம்தான்.

சரி, என்ன வாங்குவது? நல்ல வெளிச்சமுள்ள கையடக்க டார்ச் ஒன்று, தினமும் சார்ஜ் போடுகிற வகை. கணுக்கால் மூடுகிற ஷூ. செருப்போடு இரவில் போகாதீர்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு, புல்லை விலக்கவும் தரையைத் தட்டவும் அதுதான் வசதி. ஹார்னஸ், 4 அடிக் கயிறு, ஒளிரும் பட்டை. பெப்பர் ஸ்ப்ரே வேண்டாம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. சுவர்களுக்கு நடுவே அடித்தால் உங்கள் கண்ணிலும் உங்கள் நாயின் மூக்கிலும்தான் முதலில் விழும், அதற்குப் பிறகு 30 கிலோ நாயைப் பிடித்து நிறுத்த உங்களால் முடியாது. அந்தக் காசுக்கு வீட்டின் பின்வாசலுக்கு ஒரு சென்சார் விளக்கு போட்டுவிடுங்கள்.